சுங்கச்சாவடியும் சங்கப்பாட்டும்

களியக்காவிளையில் ஓர் இலக்கிய விழா. மாலை மயங்கிய நேரம். பந்தலுக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையே முப்பது அடிகூட இராது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சரக்குந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. காய்கறி ஏற்றியது ஒன்று. வாழைத்தார் ஏற்றியது ஒன்று. தோவாளைப் பூக்கூடைகளை ஏற்றியது மற்றொன்று. அவற்றின் ஊதொலியையும் மீறி ஒலிபெருக்கி முழங்கிற்று. பேசியவர் வல்லவர், குரலும் உண்டு, கருத்தும் உண்டு. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே உலகின் செல்வத்தைத் தன் வாயிலுக்கு வரவழைத்தவன் தமிழன் என்றார். முசிறித் துறையிலே யவனர் மரக்கலங்கள் பொன்னை இறக்கிவிட்டு நம் மிளகை ஏற்றிச் சென்ற காட்சியைச் சொல்லால் தீட்டினார். பந்தல் அதிரக் கையொலி எழுந்தது. பேச்சாளர் ஒரு மிடறு சோடா அருந்தினார். அடுத்த பொருளுக்குச் சென்றுவிட்டார்.

நாமும் கை தட்டினோம், மறைப்பானேன்? அந்தக் காட்சியைக் கேட்டுச் சிலிர்க்காத தமிழுள்ளம் உண்டோ! ஆனால், தட்டிய கை ஓய்ந்ததும் நெஞ்சில் ஒரு முள் தைத்தது. பேச்சாளர் நிறுத்திய இடத்திலே பாட்டு நிற்கவில்லை. பாட்டென்ன, சொற்றொடரே அங்கு முடியவில்லை!

அகநானூற்றின் 149-ஆம் பாட்டு அது. எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியது. சேரநாட்டுப் பேரியாற்றின் நுரை கலங்கும்படி யவனர் கலங்கள் வருகின்றன, பொன் இறங்குகிறது, மிளகு ஏறுகிறது. இதுவரை மேடைக்குத் தெரியும். அதே மூச்சில், முற்றுப்புள்ளி இடுதற்கும் இடமின்றி, புலவர் மேலே செல்கிறார். அந்த வளமிக்க முசிறியைப் பாண்டியன் செழியன் ஆரவாரம் எழ வளைத்துக் கொள்கிறான்; யானைப் படையுடன் அரிய போரை வெல்கிறான்; அங்கிருந்த படிமத்தைக் கவர்ந்து செல்கிறான். பொன்னும் மிளகும் கைமாறிய அதே துறைதான் முற்றுகைக்கும் உள்ளாயிற்று. புலவர் இரண்டையும் ஒரே நூலில் கோத்தார். நாமோ நூலை நடுவே அறுத்து, முன்பாதியை மாலையாக அணிந்துகொண்டு, பின்பாதியைக் கீழே போட்டுவிட்டோம்.

அந்தப் பேச்சாளர் ஒருவரைச் சாடுவதற்காக நாம் இதை எழுதவில்லை. ஆண்டுதோறும் எத்தனை மலர்கள், எத்தனை மேடைகள், எத்தனை பட்டிமன்றங்கள்! அத்தனையிலும் பண்டைத் தமிழர் வாணிபம் என்றால் இதே நான்கு மேற்கோள். நான்கும் இதே இடத்தில் வெட்டப்பட்டவை. நாமே நம் இளமையில் இப்படித்தான் பேசினோம். எனவே இத்திறனாய்வில் முதற் குற்றவாளி நாமே. ஆனால் வெட்டப்பட்டது என்ன என்பதை எடுத்துப் பார்த்தால், ஆசியாவின் பண்டைப் பெருவழிகள் பற்றி நம் புலவர்கள் அறிந்திருந்த அளவுகூட இன்று நாம் அறிய விரும்பவில்லை என்பது புலனாகும்.

பட்டினப்பாலையை எடுத்துக்கொள்வோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலன்மீது பாடிய 301 அடிகள். புகார்த் தெருவிலே குவிந்த பண்டங்களின் பட்டியல் அதில் உண்டு. மேடைக்கு மிகவும் உவப்பான பகுதி. வடமலையின் மணியும் பொன்னும், மேற்கு மலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்தும், கீழ்க்கடல் பவளமும், கங்கை தந்ததும், காவிரி விளைத்ததும், ஈழத்து உணவும், காழகத்துப் பொருளும் என நீண்டு செல்லும் அந்த வரிசையில் முதலில் நிற்பது எது? மிளகா? முத்தா? இரண்டுமில்லை. கடல்வழியே வந்த குதிரை! வண்டியில் வந்த மிளகு மூடை அதற்கு அடுத்த இடத்தில்தான் நிற்கிறது.

குதிரை எதற்கு? உழவுக்கன்று, தமிழகத்துக் கழனியை உழுதது எருது. சுமைக்குமன்று, அதற்குக் கழுதையும் மாடும் மனிதத் தோளும் இருந்தன. போருக்கு! உலகம் போற்றும் நம் பண்டப் பட்டியலின் தலைப்பொருள் ஒரு போர்க்கருவி. அதுவும் இந்நாட்டில் நன்கு பெருகாத கருவி; ஆண்டுதோறும் பொன் கொடுத்து வாங்க வேண்டிய கருவி.

இந்தத் தேவை சங்க காலத்தோடு ஒழிந்ததா? இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளைச் சந்திக்கிறோம். மலைமண்டலம் என்பது களியக்காவிளைக்கு அப்பால் விரியும் மேலைக்கரை நாடே. அரபுக் கடலில் இறங்கிய குதிரைகளை மலை கடத்திக் கொண்டுவந்து விற்றவர் அவர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னர்கள் குதிரைக்காகக் கொட்டிய பொன்னைக் கண்டு வியந்து எழுதினார். வளர்க்கும் முறை அறியாமையால் வந்த குதிரைகளில் பெரும்பாலானவை மாண்டதையும் எழுதினார். ஆண்டுக்கு 1,400 குதிரைகள், தலைக்கு 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் கணக்குத் தருகிறார். யவனர் கொணர்ந்த பொன்னை எண்ணிக் களிக்கும் நாம், அரபு நாட்டுக் கொட்டிலுக்குப் போன பொன்னை ஒருநாளாவது எண்ணினோமா?

நம் குறையைச் சொல்லும்போது உலகின் குறையையும் சொல்லிவிடுவோம். 'பட்டுப் பாதை' என்று ஒரு பெயர் உலகெங்கும் வழங்குகிறது. 1877-இல் ஜெர்மானிய நிலநூலறிஞர் ரிக்தோஃபன் பரப்பிய பெயர் அது. கேட்பதற்குப் பட்டுப்போலவே வழுவழுப்பாக இருக்கிறது! ஆனால் அப்பாதை திறந்த கதையில் வழுவழுப்பு ஏதுமில்லை. கி.மு. 138-இல் சீனத்து ஹான் பேரரசன் சாங் சியன் என்னும் தூதரை மேற்றிசைக்கு அனுப்பியது பட்டு விற்பதற்காக அன்று; எல்லையைத் தாக்கிய சியோங்னு குதிரைவீரர்க்கு எதிராகத் துணை தேடுவதற்காக. அவர் வழியாக அறியவந்த ஃபெர்கானா நாட்டுக் குதிரைகளுக்காகவே கி.மு. 104 முதல் 101 வரை ஒரு போர் நடந்தது. போருக்குக் குதிரை, குதிரைக்குப் பட்டு. வடக்கே பாலை கடந்து சென்ற வழியிலும் தெற்கே கடல் கடந்து வந்த வழியிலும் முன்னே நிற்பது ஒரே விலங்கு என்பதைப் பட்டினப்பாலையின் முதற்பொருள் நமக்கு நினைவூட்டவில்லையா?

அதே உருத்திரங்கண்ணனார் பாடிய மற்றொரு பாட்டு பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையன்மீது பாடிய 500 அடிகள். பட்டினப்பாலைக்கு இருக்கும் மேடைப் புகழில் பாதிகூட இதற்கு இல்லை. ஏன் என்று எண்ணிப் பார்த்தோம். இதில் துறைமுகத்தின் பளபளப்புக்கு முன்பாக நடுவழியின் புழுதி வந்துவிடுகிறது. உப்பு வண்டியோட்டும் உமணர் குடும்பங்கள் வருகின்றன. மலைப்பொருளும் கடற்பொருளும் கொண்டு திரியும் வணிகர் வருகின்றனர். அவர்கள் காலில் செருப்பு, உடலில் சட்டை, இடையில் வாள். மிளகுப் பொதி சுமக்கும் கழுதைச் சாத்து வருகிறது. இருபுறமும் ஒத்துத் தொங்கும் அந்தப் பொதிகளைப் பலாப்பழத்துக்கு ஒப்பிடுகிறார் புலவர். களியக்காவிளைச் சந்தையில் சக்கை குவிந்துகிடக்கும் பருவத்தில் நின்று படித்தால் அவ்வுவமையின் அருமை கூடுதலாகவே தெரியும். கழுதையின் முதுகில் சுமை அழுத்தி அழுத்தி விழுந்த தழும்பையும் அவர் விடவில்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு, உல்கு தண்டும் அந்தப் பெருவழியின் கவர்த்த இடங்களில் வில்லேந்திய வீரர் காவலிருப்பதைச் சொல்கிறார்.

சுங்கம், காவல், சுமை, தழும்பு. மிளகு வணிகத்தின் முழு உருவமும் சில அடிகளில்! பட்டினப்பாலையிலும் சுங்கம் உண்டு. புலிச் சின்னம் பொறித்துப் பண்டத்தை வெளியே விடும் அலுவலர் சோம்பாது உழைப்பதைப் புலவர் அங்கே பாடுகிறார். நகரத்துச் சுங்கத்துக்கு முத்திரை. காட்டு வழிச் சுங்கத்துக்கு வில். இரண்டும் ஒரே அரசின் இரண்டு கைகள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த ஓவியம் புலவரின் கற்பனை என்று எவரேனும் சொல்வாராயின், வியன்னா நகரில் இருக்கும் ஒரு பாப்பிரசு ஏட்டைப் பார்க்கட்டும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 1985-இல் அச்சேறியது. முசிறி வணிகத்துக்காக வாங்கிய கடன் பற்றிய உடன்படிக்கை ஒருபுறம். எர்மப்பொல்லோன் என்னும் கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு மறுபுறம். செங்கடல் துறையிலே இறங்கும் சரக்கை நம்பகமான ஒட்டகக்காரனிடம் ஒப்படைத்து, பாலைவழியில் காவலோடு கொண்டுசென்று, கோப்டோஸ் நகரத்துச் சுங்கப் பண்டகசாலையில் முத்திரையிட்டு வைக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வரி நூற்றுக்கு இருபத்தைந்து! கழுதைக்கு மாற்றாக ஒட்டகம். புலிக்கு மாற்றாக வேறொரு முத்திரை. காவல் மட்டும் அப்படியே. உருத்திரங்கண்ணனார் எகிப்தைக் கண்டதில்லை. அந்த ஏட்டை எழுதியவன் தொண்டைநாட்டைக் கண்டதில்லை. இருவரும் எழுதியது ஒரே வணிகத்தின் இரு முனைகளை.

யவனர் என்றவுடன் பொற்காசும் மதுக்குடமும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் வரும் யவனர், மன்னனின் பாசறையைக் காக்கும் கூலிவீரர். சிலப்பதிகாரத்து மதுரையில் கோட்டைவாயிலை வாளேந்திக் காப்பவரும் யவனரே. விற்க வந்தவன் காவலனாக நின்றுவிட்டான்; பண்டத்தோடு படைத்தொழிலும் கரையிறங்கியது. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்துப் பதிகமோ இன்னும் கொடியதொரு செய்தி தருகிறது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனரைச் சிறைபிடித்து, தலையில் நெய் வார்த்து, கைகளைப் பின்கட்டாகக் கட்டி, அவர்தம் விலையுயர்ந்த கலன்களையும் வைரங்களையும் கைக்கொண்டான் என்கிறது அது. வணிக நட்பின் வரலாற்றில் இதையும் ஒரு பக்கமாகச் சேர்க்கத்தானே வேண்டும்?

மிளகும் போர்க்களம் கண்ட பொருளே. கி.பி. 408-இல் அலாரிக் என்னும் கோத்தியர் தலைவன் ரோம் நகரை முற்றுகையிட்டான். முற்றுகையை நீக்க அவன் கேட்ட மீட்புப்பொருளைச் சோசிமஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார்: 5,000 பவுண்டு பொன், 30,000 பவுண்டு வெள்ளி, 4,000 பட்டாடை, 3,000 பவுண்டு மிளகு! சீனத்துப் பட்டும் நம் கரை மிளகும் ஒரு நகரத்தின் உயிர்விலையாக ஒரே பட்டியலில் நின்றன. கொங்குநாட்டுக் கொடுமணல் போன்ற ஊர்களில் உருக்கப்பட்ட உயர்ந்த எஃகையும் மறந்துவிடக்கூடாது. தென்னாட்டு உருக்கு மேலை ஆசியாவுக்குச் சென்று, பின்னாளில் டமாஸ்கஸ் வாள் என்று உலகு நடுங்கிய வாளாயிற்று. அதன் கமுக்கம் அறிய இங்கிலாந்தின் மைக்கேல் ஃபாரடே 1819 முதல் ஆண்டுக்கணக்கில் சோதனை செய்தார். உலையின் முன் வெந்த நம் கொல்லனின் பெயரோ எந்த ஏட்டிலும் இல்லை.

இனி, விழா நடந்த மண்ணுக்கே திரும்புவோம். களியக்காவிளை மேடையில் முசிறி முழங்கியது, புகார் முழங்கியது. காலடியில் கிடந்த ஆய்நாடு ஒரு சொல்லும் பெறவில்லை! தாலமி என்னும் யவன நிலநூலார் ஆய்நாட்டையும் அதன் நகரங்களையும் குமரியையும் குறித்து வைத்தார். அவர் கூறும் கொட்டியாரா இன்றைய கோட்டாறு என்பது ஆய்வாளர் கருத்து. ஆய் மன்னரின் துறைமுகம் விழிஞம். துறைமுகம் என்றால் செல்வம். செல்வம் என்றால் படையெடுப்பு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் விழிஞத்தை அழித்து வேள் மன்னனை வென்றதைச் சீவரமங்கலச் செப்பேடு பேசுகிறது. பிறகு அதே கரைக்கு முதலாம் இராசராசன் வந்தான். அவனுடைய மெய்க்கீர்த்தியின் முகப்பில் நிற்கும் காந்தளூர்ச்சாலைக் 'கலமறுத்தல்' எத்தகைய செயல் என்று அறிஞர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். கலம் மரக்கலமா, உண்கலமா, வழக்கா? வழக்கு எப்படித் தீர்ந்தாலும், தஞ்சையிலிருந்த ஒரு பேரரசனின் முதற்பெருமை இந்தக் கடற்கரையை நோக்கி இருந்தது என்பதில் ஐயமில்லை.

அவனுக்குப் பின் முதலாம் குலோத்துங்கன். 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று வரலாறு வாழ்த்தும் மன்னன். தமிழாசிரியர்கள் இப்பட்டத்தை மாணவர்க்குச் சொல்லத் தவறுவதில்லை. கோட்டாற்றை எரியூட்டியவனும், பெருவழிகளில் நிலைப்படைகளை நிறுத்தி அவற்றுள் ஒன்றைக் கோட்டாற்றிலேயே வைத்தவனும் அவனே என்பதைச் சொல்லத்தான் மறந்துவிடுகிறோம். சுங்கத்தைத் தவிர்த்தான், வில்லைத் தவிர்த்தானில்லை.

களியக்காவிளையிலிருந்து தொலைவிலில்லாத முஞ்சிறைப் பகுதியில் பார்த்திவசேகரபுரம் இருக்கிறது. ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் கி.பி. 866-இல் அங்கே காந்தளூர்ச்சாலையின் முறைமையில் 95 சட்டர்க்கு ஒரு சாலை அமைத்தான். ஓதும் மாணவர்க்கான அந்தச் செப்பேட்டில் படைக்கருவி ஏந்துவதையும் ஒருவரை ஒருவர் தாக்குவதையும் கட்டுப்படுத்தும் விதிகள் இருக்கின்றன! ஓலை பிடிக்கும் கைக்கு வாள் பிடிக்காதே என்று சொல்ல வேண்டியிருந்த காலம் அது. வணிகர் மட்டும் வெறுங்கையோடு நடந்தார்களா? ஐந்நூற்றுவர் என்னும் பெரும் வணிகக் குழு தனக்கெனப் படைவீரரை வைத்திருந்தது. காவலுடைய தன் ஊர்களுக்கு எறிவீரப்பட்டினம் என்று பெயரிட்டது. சுமத்திராத் தீவின் பாரூசில் 1088-இல் தமிழ்க் கல்வெட்டு நாட்டிய குழு அதுவே. கல்வெட்டைப் போற்றுகிறோம், எறிவீரனை ஏன் ஒளிக்கிறோம்?

பெருவழிகள் போரை மட்டுமே பெற்றன என்று கூற நாம் முன்வரவில்லை. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு நம் வாயை அடைக்கும். கி.பி. 849-இல் வேணாட்டு ஐயனடிகள் கடல்கடந்து வந்த கிறித்தவர்க்கு அளித்த உரிமைப் பட்டயம் அது. தமிழ்மொழி, வட்டெழுத்து, அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களின் பொறுப்பு, எடைக்கும் அளவைக்கும் வரிக்கும் வரையறை. சான்றொப்பம் இட்டவர்களோ அரபு எழுத்திலும் பாரசீகத்துப் பகலவி எழுத்திலும் எபிரேய எழுத்திலும் இட்டார்கள். பல சமயத்தார் நான்கு எழுத்தில் ஒரு துண்டுச் செம்பில் கூடியிருந்தனர்! போர்க்கொடியைவிட இந்தச் செம்பு நமக்குப் பெரிது. ஆனால் வில்லும் வாளும் சூழ்ந்த உலகில் இது எழுதப்பட்டது என்று அறிந்தவனுக்கே இதன் அருமை விளங்கும். எங்கும் எப்போதும் அமைதியே நிலவியது என்று நம்புகிறவனுக்கு இது வெறும் வரிச்சீட்டு.

இவ்வழிகள் ஒன்றையொன்று எப்படி வளைத்துப் பிடித்தன என்பதற்குக் குளச்சலைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ? வெடிமருந்து சீனத்தில் பிறந்தது. அதன் செய்முறை அங்கே 1044-இல் நூலில் ஏறிவிட்டது. ஆசியப் பெருவழிகளில் மேற்கே நடந்தது. அரபு நாடுகளைக் கடந்து ஐரோப்பாவை அடைந்தது. பீரங்கியாக உருமாறி, மிளகு தேடும் கப்பலில் ஏறி, மீண்டும் ஆசியக் கரைக்கே வந்தது. 1741-இல் ஒல்லாந்தர் குளச்சலில் இறங்கியது மிளகுக்காக. மார்த்தாண்டவர்மாவின் படை அவர்களை வென்றது; டிலனாய் என்னும் ஒல்லாந்த அணித்தலைவர் சிறைப்பட்டார். சிறைப்பட்டவரே பின்பு திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்தார்; உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலை மூண்டது. அதே ஆண்டுகளில் மிளகு அரசின் தனியுரிமை ஆக்கப்பட்டது. 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கை: திருவிதாங்கூர் மிளகு தரும், ஒல்லாந்தர் படைக்கலம் தருவர். நேற்றைய பகைவர் இன்றைய வணிகர்! கொடிக்குக் கொடி விளைந்த மிளகு துப்பாக்கியாகத் திரும்பி வந்தது. அந்தத் துப்பாக்கி அண்டை நாடுகளை விழுங்கிய பின்பு, அங்கு விளைந்த மிளகும் அதே பண்டகசாலையில் சேர்ந்தது. 1777-இல் மறைந்த டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறித்த கல். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் போகும் எவரும் வழியில் இறங்கிக் காணலாம்.

பட்டத்து அரசர்களைப் பற்றி இவ்வளவு சொன்னோம். சுமந்தவனைப் பற்றிச் சொல்லாவிட்டால் நாமும் நூலை அறுத்தவராவோம். இப்பகுதிப் பழஞ்சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. சில இன்றும் நிற்கின்றன. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைந்த இரு கற்றூண்கள், மேலே ஒரு கற்பலகை. தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து மூச்சு வாங்கும் இடம். பெரும்பாணாற்றுப்படையின் கழுதைத் தழும்புக்கு மனிதத் தலைகளில் கிடைத்த உரை அந்தக் கல். சீனத்துப் பண்டத்துக்கும் அரபுக் குதிரைக்கும் ஒல்லாந்தத் துப்பாக்கிக்கும் திறந்திருந்த இந்நாட்டுச் சாலைகளில், அவற்றை விளைவித்தவனும் சுமந்தவனும் நடக்கலாமா என்னும் கேள்விக்கு 1924-இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது. பண்டங்களுக்குச் சாதி இல்லை; சுமந்தவனுக்கு மட்டும் இருந்தது.

விழா முடிந்ததும் தேநீர்க் கடையில் பேச்சாளரைச் சந்தித்தோம். அகநானூற்றுப் பாட்டின் பின்பாதியை ஏன் விட்டீர்கள் என்று கேட்டோம். சினக்கவில்லை, சிரித்தார். 'அண்ணே, முற்றுகையைச் சொன்னால் கை தட்டுவார்களா? தமிழன் தமிழன் ஊரையே கொள்ளையிட்டான் என்று நாமே சொல்லிக் கொடுக்கலாமா? பகைவர்கள் வாய்க்கு அவல் ஆகாதா?' என்றார்.

நேர்மையான கேள்விதான். நம் மறுமொழியை இங்கே விரிவாகவே தருகிறோம். எகிப்தின் குசைர் அல் காதிமில் ஈராயிரம் ஆண்டுப் பானையோடுகளில் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் தமிழி எழுத்தில் கிடைத்திருக்கின்றன. பெரெனிகேயின் கோயிலொன்றில், இந்தியப் பானையில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்திருக்கிறது. இந்தியா ஆண்டுதோறும் ரோமப் பொருளை உறிஞ்சுகிறது என்று பிளினி கணக்கிட்டு அங்கலாய்த்தார். இவை கல்லும் மண்ணும் ஏடும் சொல்லும் சான்றுகள். எந்தப் பகைவரும் இவற்றை அழித்துவிட முடியாது. இவ்வளவு உறுதியான பெருமைக்கு அரைப்பாட்டின் முட்டு எதற்கு? மறைத்தால்தான் நிற்கும் என்று நாமே அஞ்சினால், அப்பெருமையில் நமக்கே நம்பிக்கை இல்லை என்றல்லவா பொருள்? தாயங்கண்ணனார்க்கு அந்த அச்சம் இருக்கவில்லை. 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு முழுமையாக அச்சேற்றித் தந்த உ.வே. சாமிநாதையர், நமக்குப் பிடித்த பகுதியை மட்டும் பொறுக்கித் தரவில்லை.

இன்னொன்றும் அவரிடம் சொன்னோம். அகநானூற்றின் 149-ஆம் பாட்டும் பட்டினப்பாலையும் வணிகப் பாட்டுகளா? இரண்டும் பாலைத்திணை! பொருள் தேடிப் பிரிந்து போகத் தூண்டும் தன் நெஞ்சைப் பார்த்து, 'வரமாட்டேன்' என்று தலைவன் மறுக்கும் பாட்டுகள் இரண்டும். முசிறியின் பொன்னையும் புகாரின் செல்வத்தையும் புலவர்கள் அடுக்கியது, அவையே கிடைப்பினும் இவளைப் பிரியேன் என்று அவன் சொல்வதற்காக. நாம் மேடையில் கொண்டாடுவது அவன் வேண்டாம் என்று தள்ளிய பொருளை! பட்டினப்பாலையின் பிற்பகுதியில் கரிகாலன் படை நுழைந்த ஊர்களின் அழிவு நெடுகப் பாடப்படுகிறது. வளவயல்கள் பாழாகின்றன, மக்கள் கூடிய மன்றங்கள் வெறிச்சோடுகின்றன. இறுதியில் தலைவன் தான் போகவேண்டிய காட்டுவழியைக் கரிகாலன் பகைவர்மேல் ஓங்கிய வேலோடு ஒப்பிட்டு, வழியே வெம்மை மிக்கது என்கிறான். வணிகன் நடக்கும் வழியையும் மன்னன் ஓங்கும் வேலையும் ஒரே தராசில் வைத்தவர் உருத்திரங்கண்ணனார். இதற்கு மேல் நாம் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

பேச்சாளர் சற்று நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். 1956 நவம்பர் 1-இல் இந்தப் பகுதி தமிழகத்தோடு இணைந்த நாள்முதல் இங்கே எல்லை. எல்லையோடு சோதனைச் சாவடி. 2017 சூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் வணிகவரிச் சாவடிகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. சரக்குந்துகள் முன்போல் முத்திரைக்காகக் காத்துக் கிடப்பதில்லை. முழங்கையைச் சாளரத்தில் ஊன்றி, கண் சிவந்து, ஓட்டுநர் ஒருவர் எங்களைக் கடந்து போனார்.

'அடுத்த ஆண்டு விழாவிற்கு 301 அடிகளையும் வாசித்தால் என்ன?' என்று கேட்டோம்.

'ஒரு மணி நேரம் ஆகுமே, அண்ணே!' என்றார்.

அரைமணி போதும் என்றோம். முன்னே யார், பின்னே யார் வாசிப்பது என்று பேசிக்கொண்டே பேருந்து நிலையம் வரை நடந்தோம். அழிவுப் பகுதியைத் தாமே வாசிப்பதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.